கியூப் பரிசோதனையில் தேறிய சிமெண்ட் கடையில் ஏன் விலைபோவதில்லை?

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில் உங்கள் குடும்பத்துக்குச் செங்கல் சூளை இருக்கிறது. பொறியியல் படித்த உங்கள் சித்தப்பா மகன் அந்தச் சூளை மண்ணைச் சுட்டு அரைத்து, சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து, சாதாரண சிமெண்டில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும் கலவை ஒன்றை உருவாக்கியிருக்கிறார். கல்லூரி ஆய்வகத்தில் 28 நாள் கியூப் பரிசோதனையில் (வார்த்த கனசதுரக் கட்டியை 28-ஆம் நாளில் அழுத்தி உடைத்து வலுவை அளக்கும் சோதனை) அது 53 கிரேடு சிமெண்டுக்கு ஈடாக நின்றிருக்கிறது. ஆனால் தருமபுரியிலும் காரிமங்கலத்திலும் நீங்கள் அணுகிய நான்கு கடைக்காரர்களும் வாங்க மறுத்துவிட்டார்கள். தரம் இருந்தும் ஏன் விற்கவில்லை, அரசு ஆதரவு கிடைத்தால் விற்குமா, நிலத்தை அடமானம் வைத்து ஆலை போடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஆய்வகத்தில் தேறிய பொருளைக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக எந்த வாசல் வழியாக நுழைவது? நீங்கள் தட்டியது மூட்டை சிமெண்ட் விற்கும் வாசல். இருக்கும் வாசல்களிலேயே கடைசியாகத் திறப்பது அதுதான் என்பது என் கருத்து.

இதைச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதியையும் எல்லையையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் 24 ஆண்டுகளாகக் கான்கிரீட் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். முதல் பாதி ரெடிமிக்ஸ் ஆலைகளில் கழிந்தது. பிறகு சொந்தமாகச் சோதனைக்கூடம் நடத்துகிறேன். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் கலந்த கான்கிரீட்டை ஆயிரக்கணக்கான முறை கலந்தும் உடைத்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சிமெண்ட் ஆலை நடத்தியவன் அல்லன். ஆகவே களிமண்ணைச் சுடும் கால்சைனர் உலையின் விலை, அதன் இயக்கச் செலவு ஆகியவற்றுக்குள் போகமாட்டேன். அவற்றை அந்த இயந்திரம் செய்து விற்பவர்களிடமும், அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடமும் கேட்பதே முறை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கிறது; மீதி 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடுகிறது. எந்த எரிபொருளை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் அந்த வாயு கல்லுக்குள்ளேயே இருந்தது. 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட கட்டி) ஆகிறபோது, ஒரு டன்னுக்கு ஏறத்தாழ அரை டன் வாயு கல்லிலிருந்தும், மீதி எரிபொருளிலிருந்துமாகச் சேர்ந்து சுமார் 0.85 டன் வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருவதற்குக் காரணம் இதுவே. ஆகவே சிமெண்டின் கரிமத்தை, அதாவது கரியமில வாயு உமிழ்வைக் குறைப்பதில் முதல் வேலை, மூட்டைக்குள் இருக்கும் கிளிங்கரின் பங்கைக் குறைப்பது. களிமண்ணைச் சுடும்போது வெளியேறுவது நீராவிதான். 1,450 டிகிரியும் தேவையில்லை, 700 முதல் 850 டிகிரி போதும். உங்கள் தம்பி பிடித்திருக்கும் வழி சரியான வழிதான்.

அவர் செய்திருப்பது எல்.சி.3 (சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த சிமெண்ட்) என்று அழைக்கப்படும் வகை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கரென் ஸ்க்ரிவெனர், கியூபாவின் ஃபெர்னாண்டோ மார்ட்டிரெனா, நம் நாட்டில் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து வளர்த்தது அது. பொதுவான விகிதம் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5. சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினாவும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்ந்து வினைபுரிந்து, கார்போஅலுமினேட் என்னும் சேர்மங்களாகி, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் சேர்த்தால் இந்த அளவுக்குக் கிளிங்கரைக் குறைக்க முடியாது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2023-இல் இதற்கென்றே ஐ.எஸ். 18189 என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டுவிட்டது. ஆகவே இது சட்டத்துக்கு வெளியே நிற்கும் விநோதப் பொருள் அல்ல. நம் ஊருக்கும் இது முற்றிலும் புதிதன்று. சுட்ட செங்கல்லை இடித்துச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கிச் சாந்தில்தான் 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. சுர்க்கிக்கு நன்றாக வெந்த கல்லைவிடச் சற்று வேகாத கல்லே நல்லது என்பது அந்தக் காலத்தவர் கண்ட உண்மை. அதற்கான காரணம் அடுத்து வருவதில் இருக்கிறது.

உங்கள் சூளை மண் இதற்குத் தகுந்ததா என்பதுதான் முதல் ஐயம். களிமண் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல கனிமங்கள் உண்டு. இந்த வேலைக்கு வேண்டியது கயோலினைட். அது மண்ணில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஏழாம் நாளிலேயே சாதாரண சிமெண்டுக்கு இணையான வலு வரும் என்பது பல நாட்டு மண்களைச் சோதித்து நிறுவப்பட்ட அளவுகோல். கரிசல் மண்ணில் அதிகம் இருப்பது வேறு கனிமம். அது நீரை உறிஞ்சி உப்பும், சுட்டாலும் அவ்வளவாக வினைபுரியாது. ஏரி வண்டலில் மணலும் பல களிமண்களும் கலந்திருக்கும். நம் பகுதியின் பாறை நைஸும் சார்னோகைட்டும். அவை நன்கு சிதைந்த இடங்களில் வெள்ளை மண் படுகைகள் கிடைக்கலாம், ஆனால் அதே வயலில் பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு மண் வரும். அளந்து பார்ப்பது எளிது. மண்ணை உலர்த்தி, வெப்ப எடையிழப்புச் சோதனையில் 400 முதல் 600 டிகிரிக்கு இடையில் எவ்வளவு எடை இழக்கிறது என்று பாருங்கள். தூய கயோலினைட் சுமார் 14 சதவீதம் இழக்கும். ஆகவே 40 சதவீதம் கயோலினைட் உள்ள மண் ஏறத்தாழ 5.6 சதவீதம் இழக்க வேண்டும். இந்த ஓர் எண் இல்லாமல் மற்ற எதையும் பேசுவதில் பொருளில்லை.

இரண்டாவது ஐயம் சூளை. செங்கல் சூளையில் அடியில் ஒரு வெப்பம், மேலே ஒரு வெப்பம். நடுவில் 900 டிகிரியைத் தாண்டிப் போகும். அவ்வளவு வெப்பத்தில் களிமண் வேறு படிகங்களாக இறுகி வினைத்திறனை இழந்துவிடும், குறைந்த வெப்பத்தில் இருந்ததோ மாறாமலே கிடக்கும். சுர்க்கிக்கு வேகாத கல்லைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. உங்கள் தம்பி ஆய்வக மின் உலையில் 800 டிகிரியில் சுட்ட மண்ணின் முடிவை வைத்துக்கொண்டு சூளையில் சுட்ட மண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: 28 நாளில் உடைத்தது எந்தக் கியூப்? சிமெண்டின் கிரேடை, அதாவது அதன் வலு வகையை, நிர்ணயிப்பது 70.6 மில்லிமீட்டர் சாந்துக் கியூப். அதற்கு நாடு முழுவதும் எண்ணூர் நியமமணல்தான் (அளவு தரப்படுத்திய மணல்) பயன்படுத்த வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் போட்டு வார்த்த 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கியூப் 53 மெகாபாஸ்கல் (வலுவை அளக்கும் அலகு) தந்தால் அது நல்ல கான்கிரீட் என்றுதான் பொருள். சிமெண்ட் 53 கிரேடு என்று பொருள் ஆகாது. இந்தக் குழப்பத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர். யாரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனால் முதலீட்டுக்கு முன் தெரிந்தே ஆக வேண்டியது. எல்.சி.3 உமிழ்வை 30 முதல் 40 சதவீதம் குறைக்கும் என்று சொல்லப்படுவது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டோடு, அதாவது ஓ.பி.சி.யோடு ஒப்பிட்டு. ஆனால் தருமபுரிக் கடைகளில் வீடு கட்டுகிறவர் வாங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அதில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க ஐ.எஸ். 1489 இடம் தருகிறது. முழு அளவுக்குச் சாம்பல் சேர்த்த மூட்டையில் கிளிங்கர் 60 சதவீதம். என் தோராயக் கணக்கில் ஒரு டன்னுக்கு 0.51 டன் வாயு. உங்கள் கலவையில் கிளிங்கர் 50 சதவீதம், அதாவது 0.43 டன், அதோடு களிமண்ணைச் சுடும் எரிபொருளுக்காக 0.05 அல்லது 0.06 டன் கூட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் நிற்பது மெல்லிய வித்தியாசம்தான். மேட்டூர் அனல்மின் நிலையம் தருமபுரிக்கு வெகு தூரத்தில் இல்லை; சாம்பல் அங்கிருந்து வருகிறது. அதே பகுதியில் ஊதுலையோடு கூடிய உருக்காலை இருப்பதால் கசடும் கிடைக்கிறது. மின் நிலையங்கள் தங்கள் சாம்பலைக் கட்டுமானத்துக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசு 1999-இல் அறிவிக்கை போட்டதிலிருந்து சிமெண்ட் ஆலைகளின் கையில் இது மலிவான பொருள். உங்கள் சுட்ட களிமண்ணின் உண்மையான போட்டியாளர் கிளிங்கர் அன்று, மேட்டூர்ச் சாம்பல். சாம்பலும் கசடும் கிடைக்காத நாடுகளில் எல்.சி.3 வேகமாகப் பரவுவதற்கும், நம் பகுதியில் அது தயங்கி நிற்பதற்கும் இது பெரிய காரணம். நிலக்கரி மின்சாரம் குறையக் குறையச் சாம்பலும் குறையும் என்பது உண்மை. எப்போது குறையும் என்பதைக் கணித்துக் கடன் வாங்குவது ஆபத்து.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கிரானைட் அறுக்கும்போது வரும் பொடியைச் சிமெண்டில் சேர்த்துக் கரிமத்தைக் குறைக்கலாம் என்று கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தப் பொடியிலிருக்கும் சிலிக்கா படிக நிலையில் இருப்பதால் சுண்ணாம்போடு வினைபுரியாது. மணலுக்குப் பதில் நிரப்பியாக ஓரளவு போகலாம், சிமெண்டுக்குப் பதிலாகாது. சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டு மக்னீசியச் சிமெண்ட் செய்யலாமா என்பதும் அப்படியே. அந்தக் கல்லின் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுதான். சுட்டால் சுண்ணாம்புக்கல்லைவிட அதிகமாகவே வெளிவிடும்.

இப்போது கடைக்காரர்களின் மறுப்புக்கு வருவோம். முதல் காரணம் சட்டம். 2003-ஆம் ஆண்டின் சிமெண்ட் தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சிமெண்டை விற்கவே கூடாது. உரிமம் பெற, தொழிற்கூடத்திலேயே சோதனைக்கூடமும் ஆளும் வேண்டும். உங்கள் மூட்டையைக் கடையில் அடுக்கியிருந்தால் குற்றவாளி ஆகியிருப்பவர் அந்தக் கடைக்காரர். அவர் மறுத்தது உங்களுக்கும் நல்லதே.

இரண்டாவது, நிறம். நம் மண்ணில் இரும்பு அதிகம்; சுட்டால் சிவக்கும், அரைத்துக் கலந்தால் சிமெண்ட் இளஞ்சிவப்பாக நிற்கும். மூட்டையைப் பிரித்ததும் கைப்பிடி எடுத்து நிறம் பார்க்கும் மேஸ்திரிக்குப் பச்சை சாயல் கலந்த கரும்சாம்பல் நிறம்தான் நல்ல சிமெண்ட். அறிவியல்படி நிறத்துக்கும் வலுவுக்கும் தொடர்பில்லை. ஆனால் செங்கல் பொடி கலந்த கலப்படச் சிமெண்ட் பற்றிய அச்சம் இங்கே நியாயமாகவே இருக்கிறது, உங்கள் பொருளோ கண்ணுக்கு அப்படியே தெரிகிறது. உலையில் ஆக்சிஜனைக் குறைத்து, அந்த நிலையிலேயே குளிர்வித்தால் இரும்பு கருநிறமாகி மண் சாம்பல் நிறம் பெறும்; பெரிய ஆலைகள் இதைச் செய்கின்றன. சூளையில் அது கைகூடாது.

மூன்றாவது, தண்ணீர். சுட்ட களிமண்ணின் துகள்கள் தகடு தகடாக இருப்பதால் நீரை அதிகம் கேட்கும். கலவை சீக்கிரம் இறுகினாற்போல் ஆகிவிடும். ரெடிமிக்ஸ் ஆலையில் அதற்கு நீர்குறைக்கும் அட்மிக்சர் என்ற ரசாயனத்தை ஊற்றுவோம். வீட்டு வேலையில் சித்தாள் ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார். அந்த ஒரு வாளி, ஆய்வகத்தில் நீங்கள் கண்ட வலுவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். சாம்பல் துகள் உருண்டையாக இருப்பதால் கலவையை இளக்கும்; ஆகவே பி.பி.சி.க்குப் பழகிய கைக்கு உங்கள் சிமெண்ட் முரண்டு பிடிப்பதாகவே தோன்றும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை என் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓசூர்ப் பக்கம் ஒரு கிடங்கின் தளத்துக்குக் கசடு கலந்த கான்கிரீட் பரிந்துரைத்தேன். கலவை சரியாக இருந்தது, கியூப்கள் தேறின. மே மாதம். லாரித் தண்ணீர் விலை ஏறியிருந்தது. ஒப்பந்தக்காரர் நான்காம் நாளே நனைப்பதை நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் தளம் முழுவதும் மேற்பரப்பு வெடிப்பு. உரிமையாளர் கூட்டிய கூட்டத்தில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. "அந்தப் புதுக் கலவையால்தான்" என்றார்கள். தளத்திலிருந்து உருளை வெட்டியெடுத்து உடைத்துக் காட்டினேன்: மேல் அரை அங்குலம் மாவாக உதிர்ந்தது, அதற்குக் கீழே கான்கிரீட் இரும்பாக இருந்தது. காரணம் புரிந்தது, ஆனாலும் எனக்கு வரவேண்டிய தொகை முழுதாக வரவில்லை, அந்த உரிமையாளர் அதன்பின் ஓ.பி.சி. தவிர வேறெதையும் தொட்டதில்லை. அன்று நான் கற்றது இதுதான்: புதுப் பொருள் ஒன்று வேலையிடத்தில் இருந்தால், எது கெட்டாலும் பழி அதன் மேல்தான் விழும். பழைய சிமெண்டை வாங்கிக் கெட்டால் மேஸ்திரி மேல் பழி. புதியதை வாங்கிக் கெட்டால் வாங்கச் சொன்னவர் மேல் பழி. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் சிமெண்டின் பங்கு சிறியது. மூட்டைக்கு 20 ரூபாய் மிச்சம் என்பதற்காக அந்தப் பழியைச் சுமக்க எந்த இன்ஜினீயரும் வரமாட்டார், எந்தக் கடைக்காரரும் வரமாட்டார். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

நனைப்பது பற்றி ஐ.எஸ். 456 தெளிவாகவே சொல்கிறது. ஓ.பி.சி. கான்கிரீட்டுக்கு 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள். வெப்பமான, வறண்ட பருவத்தில் முறையே 10 நாளும் 14 நாளும். மார்ச் முதல் ஜூன் வரை தருமபுரியில் 14 நாள் தண்ணீர் காட்டும் வீட்டு வேலையை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். இது எல்.சி.3-க்கு மட்டும் உள்ள குறையன்று, பி.பி.சி.க்கும் உண்டு, ஆனால் பி.பி.சி.க்கு மன்னிக்கப்படுவது உங்களுக்கு மன்னிக்கப்படாது.

நீடித்து உழைக்குமா என்ற கேள்வியில் உறுதியானதும் ஐயமானதும் கலந்தே இருக்கின்றன. நுண்துளைகள் அடைபடுவதால் கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் புகுவதை எல்.சி.3 ஓ.பி.சி.யைவிட மிக நன்றாகத் தடுக்கிறது என்பது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ துறைமுகம் கட்டுகிறவருக்கு அது பொன்னான குணம்; கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் நமக்கு அதனால் பயன் குறைவு. நம் ஊரில் கம்பி துருப்பிடிப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கி, அதன் காரத்தன்மையைக் குறைப்பதால். இதைக் கார்பனேற்றம் என்பார்கள். இந்த ஒன்றில் கிளிங்கர் குறைந்த எல்லாச் சிமெண்டுகளும் ஓ.பி.சி.யைவிடச் சற்றுப் பின்தங்கியே நிற்கின்றன. கம்பிக்கு வெளியே போதிய கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) வைத்து, நன்றாக நனைத்தால் பெரும்பாலான கட்டடங்களுக்குச் சிக்கல் வராது என்பது ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு; எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் எல்.சி.3-ஐக் கொண்டு கட்டியவற்றின் வயது பத்து ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியதுதான். 50 ஆண்டுக் கட்டடத்துக்கு அது முழுச் சான்று ஆகாது. கம்பி போட்ட தளத்தையும் தூணையும் உங்கள் முதல் சந்தையாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு ஆதரவு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். பொதுப்பணித் துறையோ நெடுஞ்சாலைத் துறையோ மதிப்பீடு போடுவது ஆண்டுதோறும் வரும் விலைவிகிதப் பட்டியலை வைத்து. அந்தப் பட்டியலில் இல்லாத பொருளை உதவிப் பொறியாளர் தன் மதிப்பீட்டில் எழுதினால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. 2000-ஆம் ஆண்டில் வந்த ஐ.எஸ். 456 பதிப்பு அச்சானபோது எல்.சி.3 என்று ஒன்றே இல்லை. ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடுமுன் திருத்தங்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 2023-இல் அறிவிக்கப்பட்ட கரிமக் கடன் (கார்பன் கிரெடிட்) வணிகத் திட்டத்தில் சிமெண்ட் துறை இருக்கிறது. ஆனால் அதன் கடமையும் பயனும் பெரிய ஆலைகளுக்கு. சூளை அளவிலான தொழிலுக்கு அதிலிருந்து நேரடியாக ஒன்றும் வராது. 2025 செப்டம்பரில் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது எல்லாச் சிமெண்டுக்கும் ஒரேபோல் குறைந்தது. கரிமம் குறைந்ததற்கென்று தனிச் சலுகை இல்லை. அரசை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள் என்பதே என் பதில்.

அப்படியானால் எந்த வாசல்? பொருளை வாங்குகிறவர், கலக்கிறவர், கெட்டால் பொறுப்பேற்கிறவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். நம் பகுதியில் அப்படிப்பட்ட இடம் பேவர் பிளாக், ஹாலோ பிளாக் பட்டறைகள். அங்கே கம்பி இல்லை. ஆகவே கார்பனேற்றம் பற்றிய கவலை இல்லை. ஒரு கல் உடைந்தால் ஒரு கல்தான் உடையும், யார் தலையிலும் தளம் விழாது. நனைப்பது பட்டறைக்காரரின் தொட்டியில், அவர் கண் முன்னே நடக்கும். அவர் இன்று வாங்குவது பி.பி.சி. அன்று, மறுநாளே கல்லை எடுத்து அடுக்க வேண்டும் என்பதற்காக 53 கிரேடு ஓ.பி.சி. வாங்குகிறார். நான் மேலே சொன்ன மெல்லிய வித்தியாசம் இங்கே பெரிய வித்தியாசமாகிறது, பணத்திலும் கரிமத்திலும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூட்டையில் உங்களைத் தோற்கடித்த சிவப்பு நிறம் பேவர் பிளாக்கில் உங்கள் பக்கம் நிற்கும். சிவப்புப் பேவருக்காக ரெட் ஆக்சைடு வாங்கும் பட்டறைக்காரருக்கு, அந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்துத் தரும் பொருள் உங்களிடம் இருக்கிறது. இதை நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் நீங்கள் அதைக் குறையாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொரு நுட்பம்: அவருக்குச் சிமெண்டாக விற்காதீர்கள். சுட்ட களிமண்ணை மட்டும் கனிமச் சேர்ப்பாக விற்றால், சிமெண்ட் உரிமத்தின் சுமை உங்கள் தோளில் வராது. அவர் வழக்கமான கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஓ.பி.சி. வாங்கி, அதில் 15 அல்லது 20 சதவீதத்துக்குப் பதிலாக உங்கள் பொடியைப் போடுவார். சுட்ட களிமண் பொடிக்கு ஐ.எஸ். 1344 என்ற தரநிர்ணயம் நெடுங்காலமாக இருக்கிறது. உங்கள் பொடி அதைத் தேறுகிறது என்ற சான்றிதழ் கையில் இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்று தொடங்காமல் இந்தச் சிறிய அளவில் தொடங்குவதற்குக் காரணம், முதல் நாள் வலு. கிளிங்கர் குறைந்தால் ஒரு நாள் வலு குறையும். 20 சதவீதம் வரை அந்தக் குறையை, கல்லை எடுப்பதை ஒரு நாள் தள்ளிவைத்துச் சமாளிக்கலாம். அதற்கும் கூடுதலான இடம் வேண்டும், பலகைகள் வேண்டும். அதையும் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 சதவீதத்தில் ஓராண்டு ஓடிய பட்டறை, அடுத்ததாகச் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்துப் பார்க்கத் தானே கேட்கும்.

கரிமம் குறைந்தது என்பதற்காகவே வாங்குகிறவர் நம் பக்கம் இல்லையா என்றால், ஓசூரில் இருக்கிறார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சிப்காட்டில் தொழிற்கூடம் கட்டும் பெரிய நிறுவனங்கள் பசுமைக் கட்டடத் தரச்சான்றுக்கும் போகின்றன. அவர்களுக்கு வளாகத்துக்குள் போடும் பேவர், சுற்றுச்சுவர் பிளாக் போன்றவை துணிந்து முயன்று பார்க்கத்தக்க இடங்கள். ஆனால் அவர்கள் வாய்ச்சொல்லை ஏற்கமாட்டார்கள். எந்த மண், எவ்வளவு எரிபொருள், எத்தனை கிலோமீட்டர் லாரி என்று எழுதிய கணக்குக் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே உலைக்குப் போன ஒவ்வொரு கிலோ எரிபொருளையும் பதிவேட்டில் எழுதுங்கள். மாங்கூழ் ஆலைகளில் குவியும் மாங்கொட்டையை உலர்த்தி எரிக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கரிமக் கணக்குக்கு அது நல்லது; ஆனால் மாங்கொட்டை ஆண்டில் இரண்டு மூன்று மாதப் பொருள். மீதி மாதங்களுக்கு எது என்பதற்கும் பதில் வைத்திருங்கள்.

அடமானம் பற்றிக் கடைசியாக. இப்போது வேண்டாம். சிமெண்ட் எடை மிகுந்த, விலை குறைந்த பொருள். அதில் வெல்பவர் கல் சுரங்கமும் இரயில் பாதையும் அருகில் வைத்திருப்பவர். உங்களுக்கு அருகில் கிளிங்கர் சுடும் ஊர் என்றால் சுமார் 100 கிலோமீட்டரில் சங்ககிரி, 200 கிலோமீட்டருக்கு மேல் அரியலூர். தருமபுரியில் எல்.சி.3 ஆலை போட்டால் கிளிங்கரையும் சுண்ணாம்புக்கல்லையும் அங்கிருந்து லாரியில் ஏற்றிவந்து, அந்த ஊர்களின் பி.பி.சி.யோடு இங்கே போட்டியிட வேண்டும். அந்தக் கணக்கு எனக்குத் தேறுவதாகத் தெரியவில்லை. சுட்ட களிமண் மட்டும் என்றால் கணக்கு வேறு: மண் உங்களுடையது, பட்டறைகள் 30, 40 கிலோமீட்டருக்குள். அதற்கும் மண்ணின் எண் வர வேண்டும். உங்கள் நிலத்தில் குறைந்தது பத்து இடங்களில், மூன்றடி, ஆறடி, பத்தடி ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்து, ஒவ்வொன்றையும் கலக்காமல் பெயரிட்டு, எடையிழப்புச் சோதனைக்கு அனுப்புங்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் கட்டடப் பொறியியல் துறைக்கு இந்தப் பொருளில் நீண்ட அனுபவம் உண்டு, எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான மாதிரிகள் 5.6 சதவீதத்தைத் தாண்டினால் வாடகை உலையில் ஒரு டன் சுட்டு, ஒரே ஒரு பேவர் பட்டறையில், ஒரே ஒரு மழைக்காலமும் ஒரே ஒரு கோடையும் ஓட்டிப் பாருங்கள். உடைத்துப் பார்க்க வேண்டிய கற்களை என்னைப் போன்ற யாரிடமாவது கொடுங்கள். பெரும்பாலானவை 3 சதவீதத்துக்குக் கீழே நின்றால், அந்த மண் செங்கல்லுக்குத்தான் ஏற்றது. சூளையைத் தொடர்ந்து நடத்துங்கள், நிலப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.